தானா வந்த கொடி

ம் கொட்டணும், சரியா? நீ ம் கொட்டலேன்னா கதை பாதி வழியில உக்காந்துடும். எங்க, ஒரு ம் சொல்லு.

“ம்.”

மேகம் வந்து முதுகு சாய்ச்சுப் படுத்துக்கிற ஒரு மலை இருந்துச்சாம். அந்த மலையில ஒரு ஊரு. ஊரு பேரு மூணுசுனை. ஊருக்கு மேல ஒரு கோயில் காடு. அந்தக் காட்டுக்குள்ளதான் மூணு சுனையும் ஊறும். அப்படியே சலசல சலசலன்னு காட்டை விட்டு இறங்கி வரும். ஊரே அந்தத் தண்ணியத்தான் குடிக்கும்.

அந்த ஊர்ல சடச்சின்னு ஒருத்தி. நல்ல சுறுசுறுப்பு, நல்ல பேச்சு. ஆனா அவகிட்ட ஒரு கோளாறு இருந்துச்சு. பொய் சொன்னா விக்கல் வந்துரும். சின்னப் பொய்க்குச் சின்ன விக்கல், பெரிய பொய்க்குப் பெரிய விக்கல். “குழம்பு எப்படி இருக்கு சடச்சி?”ன்னு மாமியா கேப்பாங்க. “அருமையா இருக்கு அத்தே... விக்!” அவ்வளவுதான், அன்னைக்கு வீட்ல சண்டை.

“எனக்கு விக்கல் வராதே.”

உனக்குக் காது ஆடும். நீ பாத்ததில்ல, நான் பாத்திருக்கேன். சரி, கதையக் கேளு.

அப்புறம் என்னாச்சு, மலைக்குக் கீழ காட்டு விவசாயம் சொல்லிக் குடுக்குறாங்கன்னு தகவல் வந்துச்சு. காட்டை வெட்டாம, மரத்துக்குக் கீழயும் மரத்து மேலயும் எப்படிப் பயிர் வைக்கிறதுன்னு பாடமாம். ஊருக்கு ஒரு ஆளு வரணுமாம். ஊரே கூடிப் பேசுச்சு. ஒருத்தர் “எனக்கு ஆடு இருக்கு”ன்னாரு. இன்னொருத்தர் “எனக்கு முட்டி வலி”ன்னாரு. அந்த நேரம் பாத்து சடச்சி தண்ணிக்குப் போயிருந்தா. இல்லாதவ தலையில கட்டிட்டாங்க.

சடச்சி போனா, படிச்சா, ஒரு கட்டு மிளகுக்கொடித் துண்டோட திரும்பி வந்தா. “சாயங்காலம் எல்லாரும் வேங்கை மரத்தடிக்கு வாங்க, நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன்”ன்னா. பால் விடாத வறக்காப்பி உண்டுன்னதும் எல்லாரும் வந்தாங்க.

“மிளகுக்கொடி மரத்தைப் புடிச்சு ஏறும்”னா.

“இன்னொரு டம்ளர் இருக்கா தாயி?”ன்னாங்க.

“வடக்குப் பக்கமா வச்சா வெயில் சுடாது”ன்னா.

“வெல்லம் கொஞ்சம் கம்மியா இருக்கு”ன்னாங்க.

காப்பி தீந்துச்சு, பாடமும் தீந்துச்சு. எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க.

அப்போதான் அந்த லாரி வந்துச்சு. டுர்ர்ர், டுர்ர்ர்னு வளைவு வளைவா ஏறி வந்து நின்னுச்சு. லாரியில ஒரு மர வியாபாரி. ஊருக்குக் கீழ பலாக்கரடுன்னு ஒரு சரிவு. சரிவு முழுக்கப் பலா மரம், ஒவ்வொண்ணும் நல்ல பெருசு. வியாபாரி ஒவ்வொரு மரமாத் தட்டிப் பாத்தாரு. டொக், டொக். “இதெல்லாம் வெட்டிக் குடுங்க. வெறுமையாக் கிடக்குற நிலத்துல மரவள்ளி போட்டுக்கங்க. கிழங்கு வருசா வருசம் வரும்”ன்னாரு.

ஊருக்குப் பெரியவரு கரியராமன். அவருகிட்ட ஒரு பெரிய கோடாலி உண்டு. பரண்ல இருந்து அதை இறக்கி, கல்லுல தீட்ட ஆரம்பிச்சாரு. சரக், சரக், சரக்.

சடச்சி ஓடி வந்தா. “மாமா, நிறுத்துங்க! மரத்தை வெட்டிட்டா மழைக்கு மண்ணு போயிரும். அப்புறம் மரவள்ளிய எங்க போடுவீங்க, பாறையிலயா? மரம் நிக்கட்டும். அது மேல மிளகு ஏத்துவோம். பலாப்பழமும் வரும், மிளகும் வரும்.”

“மிளகு நிச்சயமா காய்க்குமா?”

“நிச்சயமா காய்க்கும் மாமா... விக்!”

கூட்டமே கொல்லுன்னு சிரிச்சுடுச்சு. சடச்சிக்கு முகம் சிவந்து போச்சு. ஏன்னா அவளுக்கே உறுதியாத் தெரியாது, பாரு. படிச்சதுதான், காய்க்கிறதை இன்னும் கண்ணால பாத்ததில்ல.

அப்புறம் அவ மெதுவா, “காய்க்கும்னு நம்புறேன் மாமா”ன்னா. இந்தத் தடவ விக்கல் வரல.

கரியராமன் மீசையத் தடவுனாரு. “சரி தாயி. உன் கொடி காய்ச்சு நம்ம கைக்கு வரட்டும். அதுவரைக்கும் கோடாலி பரண்ல இருக்கட்டும். வரலேன்னா பலாக்கரடு லாரிக்குத்தான்”னு சொல்லிட்டாரு.

கேக்குறியா?

“ம். கோடாலி பரண்ல.”

ஆமா. அப்போ முதல் மழை வந்துச்சு. ஊரே சேந்து வேலையில இறங்குச்சு. அந்த ஊர்ல மாத்தாள் பழக்கம். இன்னைக்கு என் காட்டுக்கு நீ வா, நாளைக்கு உன் காட்டுக்கு நான் வரேன், கூலி கிடையாது. அப்படியே கல்யாண முருங்கைக் கிளையப் போத்து போத்தா வெட்டி, வேலி ஓரமா வரிசையா நட்டு, ஒவ்வொரு போத்துக்கும் ஒரு மிளகுக்கொடி வச்சாங்க. போத்து துளிர்த்துச்சு. பச்சைப் பசேல்னு இலை விட்டுச்சு.

அதை யாரு பாத்தது? ஆடு பாத்துச்சு. மே... மேமே... மே! கறுக், முறுக். இலையத் தின்னுச்சு, பட்டைய உரிச்சுச்சு, போத்தைச் சாய்ச்சுச்சு. கொடி மேல நின்னு அசை போட்டுச்சு.

“ஆட்டுக்குக் காரமா இல்லையா?”

மிளகு காய்ச்சாத்தானே காரம்! அது தின்னது கல்யாண முருங்கை இலைய. கொடிய மிதிச்சே கொன்னுடுச்சு. “முள்ளு வேலி போடுங்கன்னு காப்பி குடிக்கும்போது சொன்னேனே”ன்னா சடச்சி. “காப்பி குடிக்கும்போது சொன்னா எப்படித் தாயி காதுல விழும்?”னாங்க.

அப்புறம் அடுத்த மழை. சடச்சி கீழ போய் இன்னொரு கட்டு வாங்கிட்டு வந்தா. இந்தத் தடவ நேரா பலா மரத்துலயே ஏத்துனாங்க. கொடி நல்லாப் புடிச்சு, ஆளு உயரத்துக்கு ஏறுச்சு. அப்போ பலாப்பழக் காலம் வந்துச்சு.

“பழத்தைப் பறிக்க ஏணி வச்சு ஏறுங்க, மரத்தைக் கட்டிப் புடிக்காதீங்க”ன்னா சடச்சி.

அவ புருசன் வெள்ளையன் நெஞ்சை நிமித்துனான். “ஏணியா? மரம் ஏறத் தெரியாதவன்தான் ஏணி வைப்பான். எங்க அப்பன் ஏணி வச்சானா, எங்க தாத்தன் வச்சானா?” சொல்லிட்டு மரத்தைக் கட்டிப் புடிச்சு ஏறுனான். மேல போனான், பெரிய பழமாப் பாத்துத் திருகுனான், பழத்தோட வழுக்குனான். சர்ர்ர்ர்ர்ர்! கொடி மொத்தமும் உரிஞ்சு அவன் கழுத்துல மாலையா வந்துச்சு. தொப்! பழம் ஒரு பக்கம், வெள்ளையன் ஒரு பக்கம்.

“மாப்பிள்ளைக்கு மாலை போட்டாச்சு, பொண்ணு எங்கப்பா?”ன்னு ஊரே கேலி பண்ணுச்சு. ஆனா எல்லா வீட்டு ஆம்பளையும் அப்படித்தான் ஏறுனாங்க. எல்லா மரத்துக் கொடியும் போச்சு.

மூணாவது மழை வரும்போது சடச்சி கையில இருந்தது ஒரே ஒரு சின்னக் கட்டு. “இதுதான் கடைசி, இனிமே கிடையாது”ன்னு கீழ சொல்லி அனுப்பிட்டாங்க. ஊரு கூடி யோசிச்சுச்சு. ஆடு போகாத இடம் எது? யாரும் மரத்தைக் கட்டிப் புடிச்சு ஏறாத இடம் எது?

“கோயில் காடு!”ன்னு ஒரு குரல் கேட்டுச்சு.

“அட, ஆமா! கோயில் காடு!”ன்னு எல்லாரும் துள்ளிக் குதிச்சாங்க. சடச்சியும் குதிச்சா. பூசாரி சின்னாண்டியும் தலைய ஆட்டிட்டாரு. “வைக்கலாம். ஆனா செருப்புப் போடக் கூடாது, இரும்பு கொண்டு போகக் கூடாது.” அப்போ எல்லாரும் வெறுங்காலோட போனாங்க, குச்சியாலயும் கையாலயும் குழி தோண்டுனாங்க, கொடிய வச்சாங்க, கும்பிட்டுட்டு வந்தாங்க.

கோயில் காட்டு மண்ணு இருக்கே, இலை மக்கி மக்கி, கைய வச்சா கை உள்ள போகும். கொடி கிடுகிடுன்னு ஏறுச்சு. ஒரு மழை, இன்னொரு மழை, இன்னொரு மழை. அதுக்கப்புறம் பாத்தா, மரத்துல ஜடை ஜடையா மிளகு! தை மாசத்துல ஒண்ணு ரெண்டு மணி செவந்துச்சு. “பறிக்கலாம்!”னு சடச்சி கத்துனா. ஊரே கூடையத் தூக்கிட்டு ஓடுச்சு.

காட்டு எல்லையில வரிசையாக் கல்லு நட்டிருக்கும். அந்தக் கல்லு மேல ஏறி நின்னு பூசாரி சின்னாண்டி ரெண்டு கையையும் விரிச்சாரு.

“எங்க போறீங்க?”

“மிளகு பறிக்க, சித்தப்பா.”

“பறிச்சு?”

“வீட்டுக்குக் கொண்டு போக.”

“கோயில் காட்டுல இருந்து ஒரு சுள்ளியாவது என்னைக்காவது வெளிய போயிருக்கா?”

தூக்குன கூடை எல்லாம் கீழ இறங்கிடுச்சு. எல்லாரும் யோசிச்சாங்கதான், எப்படி வைக்கிறதுன்னு. எப்படி எடுக்கிறதுன்னு ஒருத்தரும் யோசிக்கல. அந்தக் காட்டுல இருந்து எதையும் எடுத்தே பழக்கமில்லாத ஊரு, பாரு. படிச்சுட்டு வந்த சடச்சிக்கும் தோணல.

“ம்...”

தூக்கம் வருதா? இன்னும் கொஞ்சம்தான். முக்கியமான இடம் இது.

கரியராமன் பெருமூச்சு விட்டாரு. “காய்ச்சது சாமிக்கு. நம்ம கைக்கு என்ன வந்துச்சு தாயி?” அன்னைக்கே கோடாலி பரண்ல இருந்து இறங்கிடுச்சு. சரக், சரக், சரக். லாரிக்கும் ஆள் அனுப்பிட்டாங்க.

சடச்சி மத்தியான வெயில்ல தனியாக் கோயில் காட்டுப் பக்கம் வந்தா. கல்லு ஓரமா உக்காந்து, “என்ன சாமி இப்படிப் பண்ணிட்டே”ன்னு தலை குனிஞ்சா. குனிஞ்சவ கண்ணுல என்னவோ பட்டுச்சு.

மிளகுக்கொடி மரத்துல மட்டும் ஏறாது. அடியில இருந்து சில கொடி தரையிலயும் ஓடும். ஓடுகொடின்னு பேரு. அது போற வழியெல்லாம் கணுவுக்குக் கணு வேர் விடும். ஒவ்வொரு துண்டா நறுக்கி வச்சா, ஒவ்வொண்ணும் ஒரு புதுக்கொடி. ஒரு கட்டு என்ன, ஊருக்கே போதும்! இது பாடத்துல படிச்சது. அப்படி ஒரு ஓடுகொடி, உள்ள இருந்து ஊர்ந்து ஊர்ந்து எல்லைக் கல்லுகிட்ட வந்து நின்னுச்சு. கல்லைத் தாண்ட இன்னும் ஒரு சாண்தான்.

சடச்சி இந்தப் பக்கம் பாத்தா. யாரும் இல்ல. அந்தப் பக்கம் பாத்தா. யாரும் இல்ல. கைய நீட்டுனா. ஒரு இழுப்பு இழுத்தாப் போதும், கொடி வெளிய. கொடி நுனி விரல்ல படப் போகுது, படப் போகுது...

“இழுத்துட்டாளா?”

இழுக்கல. நாளைக்கு யாராவது “இது தானா வந்துச்சா?”ன்னு கேட்டா என்ன சொல்றது? “ஆமா... விக்!” ஊரே சிரிக்கும். அது கூடப் பரவாயில்ல. அப்புறம் அவ சொல்லிக் குடுக்குற எதை நம்புவாங்க? கையைச் சட்டுன்னு இழுத்து மடியில வச்சுக்கிட்டா. எந்திரிச்சு நேரா பூசாரி வீட்டுக்கு ஓடுனா.

“சித்தப்பா, சுனைத் தண்ணி சாமி காட்டுல இருந்துதானே வருது? அதைக் குடிக்கிறோமே, அது தப்பில்லையா?”

“அது தானா வருது. தானா வந்தா சாமி குடுக்குதுன்னு அர்த்தம்.”

“அப்போ கொடி தானா வெளிய வந்தா?”

பூசாரி மென்னுக்கிட்டிருந்த வெத்தலை அப்படியே வாயில நின்னுடுச்சு. அப்புறம் சொன்னாரு: “தானா வந்தா எடுத்துக்கலாம். ஆனா ஒரு விரல் பட்டுச்சு, சாமி குத்தம்!”

சேதி கேட்டு கரியராமன் கோடாலியக் கீழ வச்சாரு. “ஒரு சாண் கொடிக்கு ஒரு லாரி காத்திருக்கணுமாக்கும்”னு முணுமுணுத்தாரு. ஆனாலும் வந்து பாத்தாரு. எல்லாரும் வந்து பாத்தாங்க.

சடச்சி சொன்னா: “உள்ள நாம எதையும் தொட வேணாம். வெளியப் பக்கம் மண்ணைக் குளிர வைப்போம். நிழலும் ஈரமும் இருந்தா அது தேடி வரும்.”

இந்தத் தடவ யாரும் காப்பி கேக்கல. அன்னையில இருந்து மூணுசுனையில ஒரு புது வேலை. மாத்தாள் முறையில ஒவ்வொரு வீடா, கல்லுக்கு வெளியப் பக்கம் குடம் குடமாத் தண்ணி ஊத்துனாங்க. களக், களக். காஞ்ச இலைய மெத்தை மாதிரிப் பரப்புனாங்க. தென்னங்கீத்துல பந்தல் போட்டாங்க. ஆடு வராம முள்ளு வேலி கட்டுனாங்க. கட்டும்போதே, “இதைத்தானே அன்னைக்குச் சொன்னா”ன்னு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. வேலை முடிஞ்சதும் சுத்தி உக்காந்து கொடிய வேடிக்கை பாத்தாங்க.

“நேத்தைக்கு இன்னைக்கு நகந்திருக்குப்பா!”

“சும்மா இரு, உன் கண்ணு நகருது.”

“எந்தக் கணுவுல வேர் விடும் சடச்சி? எத்தனை துண்டு வரும்?” இப்போ அவங்களா கேட்டாங்க. சடச்சி சொல்லச் சொல்ல, ம், ம்னு கேட்டாங்க, உன்னைய மாதிரி.

மரம் ஏத்த வந்த வியாபாரி லாரியில உக்காந்து உக்காந்து பாத்தாரு. “ஒரு ஊரே கொடிக்குக் காவல் இருக்குறதை நான் எங்கயும் பாத்ததில்லப்பா”ன்னு சொல்லிட்டு, டுர்ர்ர்னு மலை இறங்கிப் போயிட்டாரு.

ஒரு நாள் விடிகாலையில சடச்சி தண்ணிக் குடத்தோட வந்தா, பந்தலுக்குக் கீழ யாரோ குந்திக்கிட்டுப் பேசுற சத்தம். “வா கண்ணு, வா. வெக்கப்படாம வா. இன்னும் நாலு விரக்கடைதான்...” எட்டிப் பாத்தா, நம்ம கரியராமன்! கையப் பின்னால கட்டிக்கிட்டு, கொடியக் கெஞ்சிக்கிட்டு இருந்தாரு. சடச்சி பாக்காத மாதிரி அப்படியே திரும்பி நடந்துட்டா.

அப்புறம் கோடை மழை வந்துச்சு. டமடம டமார்! சோன்னு ஊத்தி ஓஞ்சுச்சு. விடிஞ்சு போய்ப் பாத்தா, கொடி கல்லு மேல ஏறி, இந்தப் பக்கம் இறங்கி, ரெண்டு இலையோட தலைய ஆட்டிக்கிட்டு நிக்குது.

ஊரே ஓடி வந்துச்சு. பூசாரியும் வந்தாரு. கொடியப் பாத்தாரு, கல்லைப் பாத்தாரு, அப்புறம் சடச்சியப் பாத்தாரு.

“ஒரே மழையில இவ்வளவு தூரமா? ஏ சடச்சி, உண்மையச் சொல்லு. நீ கொடியத் தொட்டியா?”

“தொடல சித்தப்பா.”

எல்லாரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டாங்க. எல்லார் கண்ணும் சடச்சி தொண்டை மேலதான். ஒரு குருவி கூடக் கத்தல. இலையில இருந்து சொட்டு விழுற சத்தம் மட்டும். டப். டப். டப்.

விக்கல் வரல.

இன்னும் காத்திருந்தாங்க. வரவே இல்ல!

“தானா வந்துச்சு!”ன்னு பூசாரி கைய மேல தூக்கிக் கும்பிட்டாரு. “தானா வந்துச்சு!”ன்னு ஊரே கத்துச்சு. கரியராமன் மூக்கை உறிஞ்சிக்கிட்டு, கண்ணுல தூசின்னாரு. மழை பெஞ்ச காலையில ஏது தூசி? நல்லவேளை, அவருக்கு விக்கல் வராது.

அந்தக் கொடி வெளிய வர வர, துண்டு துண்டா நறுக்கி, பந்தல் நிழல்ல வச்சு வேர் புடிக்க விட்டாங்க. அப்புறம் ஆடி மழைக்கு, வீட்டுக்கு ஒரு மரம்னு பலாக்கரட்டுல நட்டாங்க. முள்ளு வேலி முதல்ல, கொடி அப்புறம். அடுத்த பலாக்காலத்துல, ஊர்லயே முதல் ஆளா ஒருத்தன் மூங்கில் ஏணியத் தோள்ல வச்சுக்கிட்டு வந்தான். யாரு தெரியுமா?

“...வெள்ளையன்.”

வெள்ளையனேதான். “ஏணி வைக்கத் தெரியாதவன்தான் மரத்தைக் கட்டிப் புடிப்பான்”னு வேற சொல்லிக்கிட்டான்!

உள்ள காய்ச்ச மிளகு என்னாச்சுன்னா, வெளிய கொண்டு போகத்தானே கூடாது? சாமி கும்பிடுற நாள்ல காட்டுக்குள்ளயே மண்பானையில பொங்கல் வச்சு, அந்த மிளகை முழுசாப் போட்டு, கல்லுக்கு உள்ளயே உக்காந்து தின்னாங்க. ஸ்ஸ்ஸ், ஹா, அச்! ஓடிப் போய் சுனைத் தண்ணியக் குடிச்சாங்க.

பலாக்கரட்டுல கொடி ஏறிடுச்சு. கரியராமன் கோடாலி பரண்லயே தூங்கிடுச்சு, அது பக்கத்துல கோழி முட்டை போட்டுக்கிட்டு இருக்கு.

எங்க, ம் சொல்லு?

...

ம் காணோம். சரி, கொடி மரத்துல ஏறியாச்சு, கதை தரைக்கு இறங்கியாச்சு. தூங்கு தங்கம்.